கருத்தரிப்புக்கு முந்தைய நீரிழிவும் மகப்பேறும்

கருத்தரிப்புக்கு முந்தைய நீரிழிவு என்பது ஒரு பெண் கருவுறுவதற்கு முன்பே அவருக்கு இருக்கும் நீரிழிவு நோயைக் குறிக்கும். இது முதலாம் வகை நீரிழிவாகவோ இரண்டாம் வகை நீரிழிவாகவோ இருக்கலாம். கர்ப்பத்தின்போது புதிதாகத் தோன்றும் கர்ப்பகால நீரிழிவிலிருந்து இது வேறுபட்டது. இந்த நோய் உள்ள பெண்களில் பெரும்பாலோர் நலமான குழந்தையைப் பெற்றெடுக்கின்றனர். ஆயினும் கருச்சிதைவு, பிறவிக் குறைபாடு, குழந்தை இறந்து பிறத்தல், குறைப்பிரசவம் ஆகியவற்றுக்கான வாய்ப்பு இவர்களுக்குக் கூடுதலாக உள்ளது. கருத்தரிப்பதற்கு முந்தைய மாதங்களிலும் கர்ப்பத்தின் முதல் வாரங்களிலும் இரத்தச் சர்க்கரை எந்த அளவில் இருந்தது என்பதே இந்த வாய்ப்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

வகைகளும் வேறுபாடும்

முதலாம் வகை நீரிழிவில் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே அழித்துவிடுகிறது. இவ்வகையினர் வாழ்நாள் முழுவதும் இன்சுலின் செலுத்திக்கொள்ள வேண்டும். இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரிவர இணங்குவதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது. இவ்வகை முன்னர் நடுத்தர வயதினரின் நோயாகக் கருதப்பட்டது. இப்போது இருபது, முப்பது வயதுகளிலும் காணப்படுகிறது. தெற்காசிய மக்களிடம் ஐரோப்பிய மக்களைவிட இளம் வயதிலேயே இது தோன்றுகிறது. எனவே குழந்தை பெறும் வயதில் இரண்டாம் வகை நீரிழிவுடன் இருக்கும் பெண்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் அரியவர்கள் அல்லர்.

கர்ப்பத்தில் காணப்படும் நீரிழிவில் பெரும்பங்கு கர்ப்பகால நீரிழிவே. இங்கிலாந்து, வேல்சு நாடுகளுக்கான மதிப்பீடு ஒன்றின்படி நீரிழிவுடன் கூடிய கர்ப்பங்களில் சுமார் 87.5% கர்ப்பகால நீரிழிவு, 7.5% முதலாம் வகை. 5% இரண்டாம் வகை. எண்ணிக்கையில் குறைவாக இருப்பினும் கடுமையான விளைவுகள் முந்தைய நீரிழிவிலேயே மிகுதி. கர்ப்பகால நீரிழிவு பெரும்பாலும் கர்ப்பத்தின் பிற்பாதியில், உறுப்புகள் உருவாகி முடிந்த பின்னரே தோன்றுகிறது. முந்தைய நீரிழிவோ கரு உருவாகும் முதல் நாளிலிருந்தே தாயின் உடலில் உள்ளது.

சிலருக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருப்பது முதல் கர்ப்பப் பரிசோதனையில்தான் தெரியவருகிறது. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, எச்பிஏ1சி 6.5% அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, அது கர்ப்பகால நீரிழிவாக அன்றி வெளிப்படையான நீரிழிவாகவே கொள்ளப்படுகிறது. எச்பிஏ1சி என்பது முந்தைய இரண்டு, மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை ஆகும்.

வரலாறு

இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னர் முதலாம் வகை நீரிழிவு உள்ள சிறுமியர் தாய்மை அடையும் வயது வரை வாழ்வதே அரிது. கருவுற்ற சிலரிலும் தாய் இறப்பும் குழந்தை இறப்பும் மிகுதியாக இருந்தன. 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பிரெடரிக் பேண்டிங், சார்லசு பெசுட்டு ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் அது முதன்முறையாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. இதன்பின் தாய் இறப்பு விரைவாகக் குறைந்தது. குழந்தை இறப்பு அவ்வளவு விரைவாகக் குறையவில்லை.

அமெரிக்காவின் பாசுடன் நகரிலுள்ள சோசுலின் மருத்துவ நிலையத்தில் 1924-இல் சேர்ந்த மருத்துவர் பிரிசில்லா வைட்டு, நீரிழிவுள்ள கர்ப்பிணிகளைக் கவனிப்பதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். நோய் தொடங்கிய வயது, நோயின் காலம், இரத்தக் குழாய்ப் பாதிப்பு ஆகியவற்றைக் கொண்டு கர்ப்பத்தின் இடரைக் கணிக்கும் வகைப்பாட்டை அவர் 1949-இல் வெளியிட்டார். அவர் பணியைத் தொடங்கியபோது ஏறத்தாழப் பாதியளவே இருந்த குழந்தைகளின் உயிர்பிழைப்பு, 1974-இல் அவர் ஓய்வு பெற்றபோது 90 விழுக்காட்டை எட்டியிருந்தது.

1989-இல் இத்தாலியின் செயின்ட் வின்சென்ட் நகரில் ஐரோப்பிய நாடுகளின் பிரதிநிதிகள் ஏற்ற அறிக்கை, நீரிழிவுள்ள பெண்ணின் மகப்பேறு விளைவு நீரிழிவில்லாத பெண்ணின் விளைவை நெருங்க வேண்டும் என்ற இலக்கை முன்வைத்தது. இங்கிலாந்து, வேல்சு, வட அயர்லாந்து பகுதிகளில் 2002–03 காலத்துப் பிறப்புகளை ஆராய்ந்த பெரிய ஆய்வு, அந்த இலக்கு இன்னும் எட்டப்படவில்லை என்று காட்டியது. நீரிழிவுள்ள தாய்மாரிடம் குழந்தை இறந்து பிறத்தல் ஏறத்தாழ ஐந்து மடங்காகவும், பெரிய பிறவிக் குறைபாடு இரு மடங்காகவும் இருந்தன. இரண்டாம் வகை நீரிழிவு 'இலேசானது' என்ற பொதுவான எண்ணத்துக்கு மாறாக, இரு வகைகளிலும் குழந்தை இறப்பு ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. கருத்தரிப்பதற்கு முன் போலிக் அமிலம் உட்கொண்டவர்கள் பாதிக்கும் குறைவு.

குளுக்கோசு கருவை அடையும் விதம்

தாயின் இரத்தத்திலுள்ள குளுக்கோசு நஞ்சுக்கொடி வழியாகக் கருவின் இரத்தத்துக்கு எளிதில் செல்கிறது. தாயின் இன்சுலின் அவ்வாறு கடந்து செல்வதில்லை. எனவே தாயின் சர்க்கரை உயரும்போது கருவின் சர்க்கரையும் உயர்கிறது. அதைச் சமாளிக்க வேண்டிய இன்சுலினைக் கரு தானே சுரக்க வேண்டியுள்ளது.

கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் கருவின் கணையம் இன்சுலின் சுரக்கும் நிலையை அடைவதில்லை. அப்போது மிகைச் சர்க்கரை, உருவாகிக்கொண்டிருக்கும் திசுக்களை நேரடியாகப் பாதிக்கிறது. கணையம் செயல்படத் தொடங்கிய பின்னர் கரு மிகுதியான இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் ஒரு வளர்ச்சி இயக்குநீராகவும் செயல்படுவதால் கருவின் கொழுப்பும் எடையும் கூடுகின்றன. தாயின் மிகைச் சர்க்கரையே கருவின் மிகை இன்சுலினுக்குக் காரணம் என்ற இவ்விளக்கத்தை டென்மார்க்கின் கோபனேகன் நகர மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950-களில் முன்வைத்தார். இது பெடர்சன் கருதுகோள் எனப்படுகிறது. கருவில் பிற்காலத்தில் தோன்றும் சிக்கல்கள் பலவற்றையும், பிறந்த குழந்தையின் சர்க்கரைக் குறைவையும் இது விளக்குகிறது.

முதல் எட்டு வாரங்கள்

கருவின் முதன்மை உறுப்புகள் கருவுற்ற மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் உருவாகின்றன. மூளையும் தண்டுவடமும் ஆகவிருக்கும் நரம்புக் குழல் கருவுற்ற 28-ஆம் நாள் அளவில் மூடிக்கொள்கிறது. இதயம் நான்காம் வாரத்தில் துடிக்கத் தொடங்குகிறது. மாதவிடாய் தள்ளிப்போவதோ கருவுற்ற சுமார் இரண்டு வாரங்களுக்குப் பின்னர்தான். அதாவது, 'நாள் தள்ளிப்போயிருக்கிறது' என்று மேலும் இரண்டு வாரம் காத்திருந்து ஒரு பெண் மருத்துவரை அணுகும்போது கருவின் நரம்புக் குழல் மூடும் கட்டம் முடிந்திருக்கும். அதன்பின் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது பிற சிக்கல்களைக் குறைக்கும். நரம்புக் குழலில் ஏற்பட்டுவிட்ட குறைபாட்டை மாற்றாது.

பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு அல்லது மூன்று குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறைபாடு காணப்படுகிறது. கருத்தரிக்கும் காலத்தில் எச்பிஏ1சி 6.5 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பின் இடர் இதற்கு அருகிலேயே இருக்கும். அளவு உயர உயர இடரும் படிப்படியாகக் கூடுகிறது. 10 விழுக்காட்டுக்கு மேல் மிகக் கூடுதலாகிறது. மிகுதியாகக் காணப்படும் குறைபாடுகள் பின்வருமாறு:

• இதயக் குறைபாடுகள்: இதய அறைகளுக்கு இடையிலான சுவரில் துளை, பெரிய இரத்தக் குழாய்கள் இடம்மாறி அமைதல் முதலியன. இவையே மிகப் பொதுவானவை.
• நரம்புக் குழல் குறைபாடுகள்: முதுகெலும்பு மூடாதிருத்தல், மண்டையோடும் மூளையும் முழுமையாக உருவாகாமை.
• சிறுநீரகம், சிறுநீர்ப் பாதை ஆகியவற்றின் குறைபாடுகள்.
• முதுகெலும்பின் கீழ்ப்பகுதியும் கால்களும் சரிவர வளராமை: இது மிக அரிதானது, எனினும் நீரிழிவுள்ள தாய்மாரின் குழந்தைகளிடம் பிறரைவிடப் பன்மடங்கு மிகுதி.

கருச்சிதைவுக்கான வாய்ப்பும் இதே காலத்தில் சர்க்கரை அளவுக்கு ஏற்பக் கூடுகிறது.

பிந்தைய மாதங்களில் கருவின் நிலை

மிகை இன்சுலினால் கரு அளவுக்கு மீறி வளரக்கூடும். இக்குழந்தைகளுக்குக் கொழுப்பு தோளிலும் உடற்பகுதியிலும் மிகுதியாகப் படிகிறது. எனவே பிரசவத்தின்போது தலை வெளிவந்த பின்னர் தோள் சிக்கிக்கொள்ளக்கூடும். இது உடனடியாகத் தீர்க்கப்பட வேண்டிய அவசர நிலை ஆகும். தாமதித்தால் குழந்தைக்கு மூச்சுத்திணறலும், கை நரம்புகளில் பாதிப்பும், காறை எலும்பு முறிவும் ஏற்படலாம்.

தாய்க்கு இரத்தக் குழாய் நோயோ சிறுநீரக நோயோ இருப்பின் இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தம் குறைவதால் கரு வளர்ச்சி குன்றுகிறது. ஆகவே நீரிழிவுள்ள தாயின் குழந்தை எப்போதும் பெரிதாகவே இருக்கும் என்று கொள்வது தவறு. இரு நிலைகளையும் கண்டறிய மீயொலி வரைவு மூலம் வளர்ச்சி தொடர்ந்து அளக்கப்படுகிறது.

குழந்தை கருப்பையிலேயே இறந்துவிடும் வாய்ப்பு கடைசி வாரங்களில் கூடுகிறது. மிகை இன்சுலினால் கருவின் ஆக்சிசன் தேவை உயர்வதும், நஞ்சுக்கொடி அத்தேவையை நிறைவு செய்ய இயலாமையும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. குழந்தையின் அசைவு குறைவதாகத் தாய் உணர்ந்தால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தாய்க்கு ஏற்படும் விளைவுகள்

• தாழ்சர்க்கரை: கர்ப்பத்தின் முதல் மாதங்களில், குறிப்பாக முதலாம் வகையினரிடம், சர்க்கரை திடீரெனத் தாழ்வது மிகுதி. குமட்டலும் வாந்தியும் இதைக் கூட்டும். வியர்வை, படபடப்பு போன்ற எச்சரிக்கை அறிகுறிகள் கர்ப்பத்தில் மங்கக்கூடும் என்பதால் வீட்டாரும் இந்நிலையைக் கண்டறியத் தெரிந்திருக்க வேண்டும்.
• கீட்டோ அமிலத்துவம்: இன்சுலின் போதாமையால் இரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்தான நிலை. கர்ப்பத்தில் இது வழக்கத்தைவிடக் குறைந்த சர்க்கரை அளவிலேயே, விரைவாக ஏற்படும். தாய், கரு இரண்டின் உயிருக்கும் ஆபத்தானது. வாந்தி, காய்ச்சல், சாப்பிட முடியாமை ஆகியவை இருக்கும்போதும் இன்சுலினைத் தாமாக நிறுத்தக்கூடாது.
• விழித்திரை நோய்: ஏற்கெனவே பாதிப்பு இருப்பின் கர்ப்பத்தில் அது முற்றக்கூடும். நெடுங்காலம் உயர்ந்திருந்த சர்க்கரையை மிக வேகமாகக் குறைக்கும்போதும் இது நேரலாம். கருத்தரிப்பதற்கு முன்பே கண் பரிசோதனை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.
• சிறுநீரக நோய்: சிறுநீரில் புரதம் வெளியேறுவது கூடலாம். சிறுநீரகம் பெரிதும் பழுதடைந்திருப்பின் கர்ப்பம் அதை மேலும் நலிவுறச் செய்யும்.
• முன்சூல்வலிப்பு: இரத்த அழுத்தம் உயர்ந்து உறுப்புகள் பாதிக்கப்படும் இந்நிலை நீரிழிவுள்ளவர்களிடம் மிகுதி. இதைத் தவிர்க்கக் கர்ப்பத்தின் 12-ஆம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆசுபிரின் மருத்துவரால் பரிந்துரைக்கப்படுகிறது.

கருத்தரிப்புக்கு முன் ஆயத்தம்

மேற்கண்ட இடர்களைக் குறைப்பதில் மிகுந்த பயன் தருவது கருத்தரிப்புக்கு முந்தைய ஆயத்தமே. நீரிழிவுள்ள பெண்ணுக்கு, அவர் இப்போது குழந்தையை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், இதுபற்றிய தகவல் முன்கூட்டியே கிடைக்க வேண்டும். திருமணமான சில மாதங்களிலேயே குழந்தையை எதிர்பார்க்கும் குடும்பங்களில் இந்த உரையாடல் திருமணத்துக்கு முன்பே தொடங்குவது நல்லது. நோயை மறைத்து மணம் முடிக்கும்போது, மருந்தும் பரிசோதனையும் மறைவாகிவிடுகின்றன. சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டிய முக்கியமான மாதங்கள் அதிலேயே கழிந்துவிடக்கூடும்.

ஆயத்தத்தின் முதன்மைக் கூறுகள்:

• எச்பிஏ1சி அளவை, தாழ்சர்க்கரை ஏற்படாத வகையில், 6.5 விழுக்காட்டுக்குக் கீழ் கொண்டுவருதல். 10 விழுக்காட்டுக்கு மேல் இருப்பின் அளவு குறையும் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடுமாறு அறிவுறுத்தப்படுகிறது. இலக்கை எட்ட முடியாவிட்டாலும் எந்த அளவு குறைப்பும் பயன் தரும்.
• அந்த இலக்கை எட்டும் வரை நம்பகமான கருத்தடை முறையைக் கையாளுதல்.
• போலிக் அமிலம் உட்கொள்ளுதல். பிரித்தானிய வழிகாட்டுதலின்படி நீரிழிவுள்ளவர்களுக்கு நாள்தோறும் 5 மில்லிகிராம், கருத்தரிக்கத் திட்டமிடும் காலம் முதல் கர்ப்பத்தின் 12-ஆம் வாரம் வரை தரப்படுகிறது.
• மருந்துகளை மருத்துவரிடம் காட்டி மாற்றுதல். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் எனாலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் போன்றவை கருவுக்குத் தீங்கானவை. கொழுப்பைக் குறைக்கும் சுடாட்டின் மருந்துகளும் பொதுவாக நிறுத்தப்படுகின்றன.
• கண், சிறுநீரகம், இரத்த அழுத்தம், தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதித்தல்.

திட்டமிடாமல் கருவுற்றவர் அச்சத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடவோ மருந்துகளைத் தாமாக நிறுத்தவோ கூடாது. அன்றே மருத்துவரை அணுக வேண்டும்.

கர்ப்பகாலப் பராமரிப்பு

கர்ப்பத்தில் இரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 95 மில்லிகிராமுக்குக் கீழும், உணவுண்ட ஒரு மணி நேரத்துக்குப் பின் 140-க்குக் கீழும், அல்லது இரண்டு மணி நேரத்துக்குப் பின் 120-க்குக் கீழும் இருப்பது பொதுவான இலக்காகும். இதற்கு நாள்தோறும் பலமுறை விரல்நுனி இரத்தத்தைச் சோதிக்க வேண்டியிருக்கும். தோலில் பொருத்தப்படும் தொடர் குளுக்கோசு கண்காணிப்புக் கருவியைப் பயன்படுத்திய முதலாம் வகைத் தாய்மாரின் குழந்தைகளுக்கு மிகை எடை, தாழ்சர்க்கரை, தீவிர சிகிச்சைத் தேவை ஆகியன குறைந்ததை 2017-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று காட்டியது.

இன்சுலின் நஞ்சுக்கொடியைக் கடக்காததால் அதுவே முதன்மை மருந்து. இரண்டாம் வகையினருள் பலர் கர்ப்பத்தின்போது மாத்திரையிலிருந்து இன்சுலினுக்கு மாற வேண்டியுள்ளது. இன்சுலின் போடுவது நோய் முற்றியதன் அடையாளம் அன்று. மெட்ஃபார்மின் கருவைச் சென்றடைகிறது. எனினும் மருத்துவர் மேற்பார்வையில் பல நாடுகளில் பயன்படுத்தப்படுகிறது. இன்சுலினுடன் அதைச் சேர்த்துக் கொடுத்து 2020-இல் வெளியான ஆய்வில் தாயின் எடைகூடலும் பெரிய குழந்தைகளும் குறைந்தன. ஆனால் எடை குறைந்த குழந்தைகள் சற்று மிகுந்தனர்.

இன்சுலின் தேவை கர்ப்பம் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. முதல் மூன்று மாதங்களின் இறுதியில் சிறிது குறையும். கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்து நஞ்சுக்கொடி சுரக்கும் இயக்குநீர்கள் இன்சுலினை எதிர்ப்பதால் தேவை இரு மடங்காகவோ மும்மடங்காகவோ உயரக்கூடும்.

உணவைப் பொறுத்தவரை 'இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும்' என்று சோற்றளவைக் கூட்டுவதும், சர்க்கரைக்குப் பயந்து பட்டினி கிடப்பதும் இரண்டுமே தீங்கானவை. சோறு, இட்லி, தோசை ஆகியவற்றின் அளவை ஒவ்வொரு வேளைக்கும் பகிர்ந்து, பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கீரை, காய்கறி ஆகியவற்றைக் கூட்டிக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது.

மகப்பேறு

வேறு சிக்கல் இல்லாத நிலையில் 37 முதல் 39 வாரங்களுக்குள் பிரசவத்தைத் தூண்டுவது அல்லது, தேவையெனில், அறுவைப் பிரசவம் செய்வது வழக்கம். நீரிழிவு இருப்பது மட்டுமே அறுவைப் பிரசவத்துக்குக் காரணமாகாது. குறைப்பிரசவ வாய்ப்பு இருப்பின் குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்காகத் தாய்க்குத் தரப்படும் சுடீராய்டு ஊசி சில நாட்களுக்குச் சர்க்கரையை உயர்த்தும் என்பதால் இன்சுலின் அளவு கூட்டப்படும். பிரசவத்தின்போது சர்க்கரை மணிதோறும் சோதிக்கப்பட்டு ஏறத்தாழ 70 முதல் 126 வரை வைத்திருக்கப்படுகிறது. நஞ்சுக்கொடி வெளிவந்ததும் இன்சுலின் தேவை சட்டெனக் குறைகிறது. அளவை உடனே குறைக்காவிடில் தாய்க்குத் தாழ்சர்க்கரை ஏற்படும்.

பிறந்த குழந்தையின் நலம்

தொப்புள்கொடி வெட்டப்பட்டதும் தாயிடமிருந்து வந்த குளுக்கோசு நின்றுவிடுகிறது. குழந்தையின் கணையமோ முன்போலவே மிகுதியான இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கிறது. எனவே முதல் சில மணி நேரத்தில் குழந்தையின் சர்க்கரை தாழலாம். நடுக்கம், சோர்வு, பால் உறிஞ்சாமை, வலிப்பு ஆகியன இதன் அறிகுறிகள். அறிகுறி எதுவுமின்றியும் தாழக்கூடும் என்பதால், பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று நலமாகத் தோன்றும் குழந்தைக்கும் குதிகாலில் குத்தி இரத்தம் சோதிக்கப்படுகிறது.

பிறந்த அரை மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்து, பின்னர் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தொடர்வதே முதல் தடுப்பு முறை. சீம்பாலைப் பீய்ச்சி வீணாக்குவதும், சேனை வைக்கும் சடங்குக்காகப் பாலூட்டலைத் தாமதிப்பதும் இக்குழந்தைகளுக்குத் தீங்காகும். சர்க்கரைத் தண்ணீர் தாய்ப்பாலுக்கு ஈடாகாது. பாலூட்டியும் அளவு உயராவிடில் கன்னத்தின் உட்புறம் குளுக்கோசு கூழ் தடவப்படுகிறது. தேவையெனில் சிரை வழியாகக் குளுக்கோசு செலுத்தப்படுகிறது.

பிற சிக்கல்கள்:

• மூச்சுத்திணறல்: நுரையீரல் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள் உருவாவதை மிகை இன்சுலின் தாமதப்படுத்துகிறது.
• சிவப்பணு மிகைப்பும் மஞ்சள் காமாலையும்: கருப்பையில் ஆக்சிசன் போதாமையால் மிகுந்த சிவப்பணுக்கள் பின்னர் சிதையும்போது காமாலை ஏற்படுகிறது.
• கால்சியம், மக்னீசியம் குறைவு.
• இதயச் சுவர் தடிப்பு: பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகிவிடும்.

இவற்றுள் பெரும்பாலானவை உரிய நேரத்தில் கண்டறிந்தால் முழுமையாகக் குணமாகக்கூடியவை. ஆகவே பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவம் நிகழ்வது அவசியம்.

தாய் இன்சுலின் செலுத்திக்கொண்டே பாலூட்டலாம். மெட்ஃபார்மினும் பாலூட்டலுக்குத் தடையன்று. பாலூட்டும்போது தாயின் சர்க்கரை தாழக்கூடும் என்பதால் அதற்கு முன்போ அப்போதோ சிற்றுண்டி உண்பது நல்லது.

நீண்டகால விளைவுகள்

நீரிழிவுள்ள தாயின் குழந்தை நீரிழிவுடன் பிறப்பதில்லை. ஆயினும் பிற்காலத்தில் நோய் வரும் வாய்ப்பு பொதுமக்களைவிடக் கூடுதல். தாய்க்கு முதலாம் வகை இருந்து, அவர் 25 வயதுக்கு மேல் குழந்தை பெற்றிருப்பின், குழந்தைக்கு அந்நோய் வரும் வாய்ப்பு சுமார் 100-இல் 1. அதற்கு முன் பெற்றிருப்பின் 25-இல் 1. தந்தைக்கு முதலாம் வகை இருப்பின் சுமார் 17-இல் 1. தாயையே குறைகூறும் வழக்கத்துக்கு இந்த எண்கள் இடமளிப்பதில்லை.

இரண்டாம் வகையில் மரபுக்கு அப்பால் கருப்பைச் சூழலுக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பிமா பழங்குடியினரிடம் நடந்த ஆய்வில், தாய்க்கு நீரிழிவு வந்த பின் பிறந்த பிள்ளைகளுக்கு, அதே தாய்க்கு நோய் வருமுன் பிறந்த உடன்பிறப்புகளைவிட, உடற்பருமனும் நீரிழிவும் மிகுதியாகக் காணப்பட்டன. கர்ப்பத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது பிரசவ நாளுடன் முடியும் நன்மை அன்று என்பதை இது உணர்த்துகிறது.

குழந்தை பிறந்த பின் தாயின் கவனம் முழுவதும் குழந்தை மீதே செல்வதால் அவருடைய சொந்தச் சிகிச்சை பல வீடுகளில் பின்தள்ளப்படுகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களிலும் சர்க்கரை, கண், இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துவர வேண்டும். அடுத்த குழந்தைக்கான ஆயத்தமும் அப்போதே தொடங்குகிறது.